அவல் முடிச்சும் அக்கார அடிசிலும்: பண்டிகை உணவு வழியே புராணக் கதை கற்பித்த ஒரு சிங்கப்பூர் வகுப்பு

சிங்கப்பூரில் ஒரு கோயிலின் பல்நோக்கு அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடக்கும் சமய வகுப்பில், 12 முதல் 16 வயது வரையிலான தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாகவதம், திருப்பாவை, சைவ அடியார் வரலாறுகள் ஆகியவற்றைப் பண்டிகைகளோடும் அவற்றுக்குரிய உணவோடும் இணைத்துக் கற்பித்த அனுபவத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. கற்பித்தவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள். இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மற்றவர்கள் பெற்றோர். நான் பாடத் திட்டமிடலிலும் பதிவெடுப்பதிலும் பங்கேற்றேன். பிள்ளைகளின் பெயர்களும் கோயிலின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

ஆய்வின் கேள்வி எளியது. பண்டிகைப் பலகாரம் கதையைக் கற்பிக்கிறதா, அல்லது பிள்ளைகளை வகுப்புக்கு வரவழைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறதா? உணவைச் சேர்த்தால் பாடம் சுவைக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். எங்கள் வகுப்பில் கண்டது அவ்வளவு பொதுவானதாக இல்லை. சில உணவுகள் கதையைப் பிள்ளைகள் மனத்தில் ஊன்றின. சில உணவுகள் கதையை அடியோடு மறைத்துவிட்டன.

பின்னணி

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1984 முதல் உயர்நிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட சமய அறிவுப் பாடத்தில் இந்து சமயமும் ஒரு தெரிவாக இருந்தது. 1990ஆம் ஆண்டு வாக்கில் அந்தக் கட்டாயம் நீங்கியது. அதற்குப்பின் புராண இதிகாசக் கதைகளைச் சொல்லும் பொறுப்பு வீட்டுக்கும் கோயிலுக்கும் வந்து சேர்ந்தது. வீட்டில் தாத்தா பாட்டி உடன் இருந்தால் கதை வருகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்று, பிள்ளை துணைப்பாட வகுப்புக்கும் இணைப்பாட நடவடிக்கைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தால், பண்டிகை வருகிறது, கதை வருவதில்லை.

பண்டிகைக்கும் இங்கே நேரம் குறைவு. இந்துப் பண்டிகைகளில் தீபாவளி ஒன்றே பொது விடுமுறை; தைப்பூசம் 1968இல் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. விநாயகர் சதுர்த்தி, கிருஷ்ண ஜெயந்தி, நவராத்திரி எல்லாம் பள்ளி நாள்களிலேயே வந்து போகின்றன. நவராத்திரியோ தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் ஆண்டிறுதித் தேர்வுகளையும் ஒட்டி வருவதால், கொலுப்படிக்கு அருகில் கணக்குப் பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பல வீடுகளில் காணலாம்.

வகுப்பில் சேர்ந்தபோது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பலகாரங்களின் பெயர் தெரிந்திருந்தது. கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை, சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, சரஸ்வதி பூசைக்குச் சுண்டல் என்று தடையில்லாமல் சொன்னார்கள். ஏன் சீடை, ஏன் கொழுக்கட்டை என்று கேட்டால், “அம்மா செய்வாங்க, அதனால” என்பதே பதில். அந்தப் பதிலைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரபு பெரும்பாலும் அப்படித்தான் கைமாறுகிறது.

சுண்டலில் தொடங்கியது

முதல் பாடம் நவராத்திரி. மார்க்கண்டேய புராணத்தின் பகுதியான தேவி மாகாத்மியத்திலிருந்து மகிஷாசுரன் வதத்தைச் சொல்லி, கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினோம். அறை நிரம்பியது. மூன்று வாரங்கள் கழித்துக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, தேங்காய்த் துருவலை எப்போது போட வேண்டும் என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது. தேவர்கள் தத்தம் ஆயுதங்களைத் தேவிக்கு ஏன் கொடுத்தார்கள் என்பதை ஓரிருவரே சொன்னார்கள்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. மகிஷாசுரன் கதையில் சுண்டல் இல்லை. அது கொலு பார்க்க வந்தவர்களுக்குக் கொடுக்கும் பிரசாதம். நவராத்திரியின் விருந்தோம்பலுக்கு உரியதே தவிர, புராணத்தின் நிகழ்ச்சிகளுக்குள் அதற்கு இடமில்லை. கதையைச் சொல்லும் வேலையைப் படிகளில் இருக்கும் பொம்மைகள் செய்கின்றன. ஆகவே அடுத்த பாடங்களுக்கு ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம்: கதையின் திருப்பம் எந்த உணவின்மேல் நிற்கிறதோ, அந்த உணவை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவருவது. அந்த உணவை எடுத்துவிட்டால் கதை நகரக்கூடாது. இந்த நிபந்தனையை வைத்ததும் பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது. சீடை போயிற்று, அதிரசமும் போயிற்று. அவல், பாற்சோறு, களி ஆகிய மூன்றும் நின்றன.

மூன்றுமே மார்கழியோடு பொருந்தி வந்தன. மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கிறது, அப்போது பள்ளி ஆண்டிறுதி விடுமுறை. ஜனவரித் தொடக்கத்தில் பள்ளி திறந்தபின்னும் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்கள் எஞ்சியிருக்கும். குருவாயூரில் மார்கழிக்கு இணையான தனுர் மாதத்தின் முதல் புதன்கிழமையைக் குசேலர் தினமாகக் கொண்டாடி அவல் படைக்கிறார்கள். திருவாதிரைக்குக் களி. மாதத்தின் 27ஆம் நாள், பாற்சோறு படைக்கும் கூடாரவல்லி.

நான்கு பிடி அவல்

குசேலர் கதை பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் 80, 81ஆம் அத்தியாயங்களில் வருகிறது. பிள்ளைகள் பலருக்கு அதன் சுருக்கம் தெரியும்: ஏழை நண்பர் அவல் கொண்டுபோனார், கண்ணன் சாப்பிட்டார், நண்பர் பணக்காரர் ஆனார். இந்தச் சுருக்கம் ஒரு குலுக்குச்சீட்டுக் கதைபோல ஆகிவிட்டது என்று ஆசிரியர்களில் ஒருவர் சொன்னார். ஆகவே மூலத்தில் உள்ள சிறு செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம்.

அந்த அவல் அவர் வீட்டு அவல் இல்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாததால், அவர் மனைவி அக்கம்பக்கத்து வீடுகளில் நான்கு பிடி அவல் கேட்டு வாங்கி, ஒரு கந்தல் துணியில் முடிந்து கொடுக்கிறாள். துவாரகையில் கண்ணன் அவர் கால்களைக் கழுவி, ஆசனத்தில் அமர்த்தி, சாந்தீபனி முனிவரிடம் இருவரும் படித்த காலத்தில் விறகு தேடப் போய் மழையில் சிக்கிக்கொண்ட இரவை நினைவுபடுத்துகிறார். பிறகு, வீட்டிலிருந்து எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிறார். இலையோ பூவோ பழமோ நீரோ அன்போடு கொடுத்தால் ஏற்பேன் என்ற கீதை வாக்கு இங்கேயும் வருகிறது. அவ்வளவு கேட்டும் நண்பர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே தவிர, முடிச்சை எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணன்தான் அதைப் பறித்துப் பிரிக்கிறார். ஒரு பிடி உண்டு, இரண்டாவது பிடியை எடுக்கும்போது திருமகளான ருக்மிணி அவர் கையைப் பற்றிக்கொள்கிறாள். மறுநாள் நண்பர் ஒன்றும் கேட்காமல் புறப்பட்டுப் போகிறார்.

இதில் சமைக்க ஒன்றுமில்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்கினால் அவல். அடுப்பு இல்லாமலே உண்ணலாம் என்பதால்தான் அது வழிப்பயணத்துக்கு ஏற்ற உணவாக இருந்தது. தேக்கா சந்தையில் வாங்கிய சிவப்பு அவலைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்து அப்படியே மெல்லச் சொன்னோம். அரண்மனைக்குக் கொண்டுபோகும் பொருளாக இது எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வெல்லமும் தேங்காயும் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

பாடத்தின் உயிர் வேறொரு செயலில் இருந்தது. முந்திய வாரமே, ஒவ்வொரு பிள்ளையும் தங்கள் மாடியில் நன்கு பழகிய ஓர் அண்டை வீட்டாரிடம் ஒரு பிடி அரிசி கேட்டு வாங்கிவர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பெற்றோரின் ஒப்புதலோடும், பெரியவர் ஒருவர் துணையோடும் செய்ய வேண்டும். காரணம் கேட்டால் வகுப்புக்கு என்று மட்டும் சொல்லலாம்.

சில பெற்றோர் மறுத்தார்கள். “எங்க பிள்ளைய எதுக்கு அரிசி கேட்டுப் போகச் சொல்றீங்க? வீட்டுல இல்லாமலா இருக்கு?” என்று ஒரு தாய் நேராகவே கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்துத் தலைநிமிர்ந்த குடும்பங்களுக்குக் கையேந்துவது என்பது விளையாட்டுப் பொருளாக இருக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் தங்கள் அத்தை, சித்தி வீடுகளில் கேட்டு வந்தார்கள். ஆனால் குசேலரின் மனைவிக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று அந்தத் தாயின் மகள் வகுப்பில் சொன்னபோது, பாடத்தின் பாதி முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

மற்றவர்கள் சொன்ன அனுபவங்களும் கதையோடு ஒட்டி நின்றன. கதவு மணியை அழுத்தாமல் மின்தூக்கிக்கும் வீட்டுக்கும் இடையே நடந்துகொண்டிருந்ததை ஒரு பையன் சொன்னான். சீனப் பாட்டி ஒருவர் ஒரு பிடி போதாது என்று ஒரு கிலோ பையையே கொடுத்து அனுப்பினார். உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவிக்கு எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் நெகிழிக் கிண்ணம் நிறைய அரிசி கொடுத்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அவளுடைய பாட்டி அதில் முறுக்கை நிரப்பி அனுப்பினார். இந்த நிகழ்ச்சியை அவள் சொல்லி முடித்ததும், கண்ணனும் அதைத்தான் செய்தார், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். எங்கள் பாடக் குறிப்பில் அந்த வரி இல்லை. இவ்வளவு பொருத்தமான விளக்கத்தை நாங்கள் தயாரித்திருக்கவும் மாட்டோம்.

வாங்கிவந்த அரிசியை ஒரு துணியில் முடிந்து, வகுப்பு முழுவதும் யாருக்கும் காட்டாமல் மடியில் வைத்திருக்கச் சொன்னோம். கதையில் முடிச்சைப் பறிக்கும் இடம் வந்தபோது, பக்கத்தில் இருப்பவர் அதைப் பறித்தார். சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. பிறகு எல்லா அரிசியையும் ஒன்றாகக் கொட்டி அளந்து, கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தோம்.

ஒரு பிள்ளை, தாத்தா சொன்ன கதையில் மூன்றாவது பிடியில்தான் ருக்மிணி கையைப் பிடித்தாள் என்று வாதாடினாள். மூல நூலில் இரண்டாவது பிடி. சொற்பொழிவுகளிலும் வீடுகளிலும் மூன்றாவது பிடி என்ற வழக்கும் உண்டு. இரண்டையும் பலகையில் எழுதி, எது எங்கிருந்து வருகிறது என்று குறித்தோம். தாத்தா தவறு என்று யாரும் சொல்லவில்லை. நூலில் இப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். பதின்ம வயதினருக்கு இந்த வேறுபாடு பெரிதும் பிடித்திருந்தது. அதன்பின் ஒவ்வொரு கதைக்கும் “இது எந்த நூலில் இருக்கிறது?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

களி

அந்தக் கேள்விக்கு உடனே சோதனை வந்தது. சேந்தனார் கதை தில்லையோடு சேர்ந்தது. விறகு விற்றுப் பிழைத்த அடியவர், நாள்தோறும் ஒரு சிவனடியாருக்கு உணவளித்தபின்னே தாம் உண்பவர். விடாமழையில் விறகு நனைந்து விற்காமல் போக, வீட்டிலிருந்த மாவைக் கொண்டு களி கிண்டிப் படைக்கிறார். அடியாராக வந்தவர் உண்டு, எஞ்சியதையும் கேட்டு வாங்கிப் போகிறார். மறுநாள் காலை கருவறையில் களி சிதறிக் கிடக்கிறது. சேந்தனார் பாடிய திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. ஆனால் களிக் கதை செவிவழி மரபு. அறுபத்துமூவர் வரலாற்றைச் சொல்லும் பெரியபுராணத்தில் அவர் கதை இல்லை. இதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னோம். கதையின் மதிப்பு குறைந்துவிடும் என்று தொண்டூழியர் ஒருவர் அஞ்சினார், குறையவில்லை.

சமையல் எளிது. வறுத்த அரிசி ரவையும் பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்த களி. ஏழுகாய்க் கூட்டு ஒரு பெற்றோர் வீட்டிலிருந்து வந்தது. மடப்பள்ளிக்குள் வெளியார் செல்லக்கூடாது, அறையில் திறந்த நெருப்புக்கு அனுமதி இல்லை. ஆகவே மின்தூண்டல் அடுப்பில் கிண்டினோம். களி என்றால் கிண்டும் கை ஓயக்கூடாது என்பதை முறைவைத்துக் கிண்டிய பையன்கள் ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பாடம் நன்றாகவே போயிற்று. அதற்குமேல் சொல்ல அதிகமில்லை.

நெய்யுண்ணோம், பாலுண்ணோம்

மார்கழிப் பாடங்களில் மிக அதிகமாகப் பேசவேண்டியது திருப்பாவை. பொதுவாக வகுப்புகளில் முப்பது பாசுரங்களையும் மனப்பாடம் செய்வித்து, 27ஆம் பாசுரத்தன்று அக்கார அடிசில் கொடுப்பார்கள். அந்த அடிசில் ஏன் அவ்வளவு இனிக்க வேண்டும் என்பதற்கான விடை இரண்டாம் பாசுரத்தில் இருக்கிறது. “நெய்யுண்ணோம் பாலுண்ணோம்” என்று ஆயர்பாடிப் பெண்கள் நோன்பு தொடங்குகிறார்கள். மையிட்டெழுதோம், மலரிட்டு நாம் முடியோம் என்கிறார்கள். இருபத்தைந்து பாசுரங்கள் கழித்து, “பாற்சோறு மூட நெய்பெய்து முழங்கை வழிவாரக் கூடியிருந்து குளிர்ந்து” என்று நோன்பு நிறைவேறுகிறது. மாடு மேய்க்கும் குடியில் பிறந்தவர்கள் பாலையும் நெய்யையும் விலக்குவது எவ்வளவு பெரிய விலக்கு என்பது இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். ஒன்றை மட்டும் கற்பித்தால் 27ஆம் பாசுரம் ஒரு சமையல் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே விருப்பமுள்ளவர்கள் மட்டும், பெற்றோர் ஒப்புதலோடு, மார்கழி இரண்டாம் நாளிலிருந்து 27ஆம் நாள் வரை பாலும் நெய்யும் விலக்கலாம் என்றோம். வளரும் வயதுப் பிள்ளைகள் என்பதால் உணவைக் குறைக்கக்கூடாது, சோறும் பருப்பும் காயும் வழக்கம்போல் உண்ண வேண்டும், விளையாட்டுக் குழுவில் பயிற்சி எடுப்பவர்களும் உடல்நலக் குறை உள்ளவர்களும் சேரவேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம்.

எதுவெல்லாம் பால் என்ற விவாதம் ஒரு வகுப்பு முழுவதும் நீண்டது. மைலோவில் பால் உண்டு, ஆகவே கூடாது. பால் சேர்த்து ஆற்றும் தே தாரிக் கூடாது. பாலில்லாத தே ஓ கூடும். குமிழித் தேநீரில் போடுவது பாலே இல்லை, பொடிதான் என்று ஒருவன் வழக்காடினான். பாலாடைக்கட்டிப் புரோட்டா வேண்டாம், சாதாரணப் புரோட்டாவில் தடவுவது நெய்யா மார்ஜரினா என்று கடைக்காரரையே கேட்டு வந்தாள் இன்னொருத்தி. ஆண்டாள் காலத்துக்கும் சிராங்கூன் சாலை உணவுக்கடைக்கும் இடையே உள்ள தொலைவைப் பிள்ளைகள் தாங்களே அளந்துகொண்டிருந்தார்கள். விதிகளை நாங்கள் எழுதித் தரவில்லை. அவர்களே எழுதி ஒட்டினார்கள்.

பாசுரம் பாலோடு நிற்கவில்லை என்பதை அவர்கள் பிறகுதான் கவனித்தார்கள். அதே பாசுரத்தில் “தீக்குறளை சென்றோதோம்” என்ற வரி இருக்கிறது. கோள் சொல்லமாட்டோம், ஒருவரைப் பற்றித் தீயதை மற்றொருவரிடம் கொண்டுபோகமாட்டோம் என்பது அதன் பொருள். வாட்ஸ்அப் குழுக்களுக்கு நடுவே வாழும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாலை விடுவது இதைவிட எளிதாக இருந்தது. “பால் ஓகே, இது முடியல” என்று ஒரு மாணவி ஒப்புக்கொண்டாள். விலக்கு எடுத்தவர்களில் பலரும் அதையே சொன்னார்கள். அடுத்து வரும் “ஐயமும் பிச்சையும் ஆந்தனையும் கைகாட்டி” என்ற வரிக்கு வந்தபோது, அரிசி கேட்டு மணியை அழுத்திய நாளைச் சிலர் தாமாகவே நினைவுகூர்ந்தார்கள்.

27ஆம் நாள் ஜனவரி 11ஐ ஒட்டி வரும், பள்ளி திறந்திருக்கும். எனவே அதை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றினோம். நாளை மாற்றலாமா என்று கேட்ட பெற்றோருக்கு, கோயிலில் உரிய நாளில் நைவேத்தியம் நடக்கிறது, வகுப்பில் நடப்பது பாடம் என்று விளக்கினோம். ஆனால் பிள்ளைகளில் சிலர் அந்தச் சனிக்கிழமை வரை நோன்பை நீட்டித்தார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

அரிசியையும் பாசிப்பருப்பையும் பாலிலேயே குழைய வேகவைத்து, வெல்லப்பாகு சேர்த்து, நெய்யை ஊற்றிக்கொண்டே கிளறுவது அக்கார அடிசில். நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் ஆண்டாள் நேர்ந்துகொண்ட நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயையும் நூறு தடா அக்கார அடிசிலையும் பற்றிய நாச்சியார் திருமொழிப் பாசுரத்தையும், பின்னாளில் இராமானுசர் அந்த நேர்த்தியைத் திருமாலிருஞ்சோலையில் நிறைவேற்ற, ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்ததாக வழங்கும் வரலாற்றையும் சொன்னோம். தங்கை சொன்னதை அண்ணன் செய்து முடித்தான் என்ற செய்தி, அண்ணன் தம்பிகளோடு ஓயாமல் சண்டையிடும் வயதினருக்கு மிகவும் பிடித்திருந்தது.

பரிமாறும்போது காகிதக் கிண்ணங்களும் கரண்டிகளும் வந்தன. கரண்டியில் எடுத்தால் முழங்கை வழி நெய் வழியாது என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவற்றைத் திருப்பி எடுத்துவிட்டு, வாழையிலை நறுக்குகளை வைத்தார். கையால் எடுத்துண்ணத் தயங்கியவர்களும் உண்டார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எம்ஆர்டி ரயில் தாமதத்தால் ஒருவன் இன்னும் வந்துசேரவில்லை. கூடியிருந்து குளிர்ந்து என்றுதானே இருக்கிறது, அவன் வரட்டும் என்று பிள்ளைகளே சொல்லிக் காத்திருந்தார்கள். அடிசில் ஆறிப்போயிற்று.

யாருடைய பண்டிகை?

இந்த முயற்சியில் தீராத ஒரு சிக்கலும் உண்டு. அக்கார அடிசிலும் களியும் எல்லாத் தமிழ் வீடுகளின் மரபும் ஆகிவிடவில்லை. வகுப்புப் பிள்ளைகளில் கணிசமானவர்களின் வீடுகளில் வழிபாடு முனீஸ்வரரையும் பெரியாச்சியையும் மாரியம்மனையும் சுற்றி அமைந்தது; சில வீட்டுப் படையலில் மீனும் முட்டையும் இருக்கும். “எங்க வீட்டுல இதெல்லாம் செய்யமாட்டோம் டீச்சர், நாங்க சாமி கும்பிடுறது வேற மாதிரி” என்று ஒரு பையன் சொன்ன தொனியில் தாழ்வுணர்ச்சி தெரிந்தது. அவன் பாட்டி பெரியாச்சிக்குச் செய்யும் படையலும் ஒரு கதையோடுதான் வருகிறது. அந்தக் கதையும் திருப்பாவைக்கு நிகராகச் சொல்லத்தக்கது. நூலில் உள்ள கதைகளை மட்டும் பாடமாக்கும்போது, நூலில் ஏறாத வழிபாட்டை உடையவர்கள் வெளியே நிற்க நேர்கிறது. அவன் பாட்டியை அழைத்துப் பேசவைக்க முயன்றோம். கூச்சப்பட்டு வரவில்லை, பேரனிடம் சொல்லியனுப்பினார். அவன் வகுப்பில் சொன்ன பெரியாச்சி கதையை எல்லாரும் வாய்பிளந்து கேட்டார்கள். படையலை வகுப்பில் வைப்பது சைவக் கோயில் வளாகத்தில் முடியாது என்பதால், அந்தக் கதை உணவில்லாமலே நடந்தது. இது சமமான ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை.

முந்திரி ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்ததால் எந்தப் பலகாரத்திலும் கொட்டைகளைச் சேர்க்கவில்லை. அடிசில் முந்திரி இல்லாமலும் அடிசில்தான்.

என்ன நின்றது

கதைகள் எந்த அளவு நின்றன என்பதை எழுத்துத் தேர்வால் அளக்கவில்லை. தைப்பூசம் கழிந்தபின், தொடக்கநிலை வகுப்புப் பிள்ளைகள் முன் முன்னேற்பாடின்றி ஒரு கதையைத் தமிழில் சொல்லும்படி கேட்டோம். குசேலர் கதையைத் தெரிந்தெடுத்தவர்கள் அதிகம். அண்டை வீட்டில் வாங்கிய அவல், மறைத்துவைத்த முடிச்சு, பறித்தது, ஒன்றும் கேட்காமல் திரும்பியது ஆகிய நான்கும் ஏறத்தாழ எல்லார் சொல்லிலும் வந்தன. சாந்தீபனி முனிவர் பெயர் வரவில்லை. மழையில் சிக்கிய இரவை ஓரிருவர் சொன்னார்கள். நண்பரின் வீடு மாளிகையான பகுதியைச் சிலர் சொல்லவே மறந்துவிட்டதும் குறிப்பிடத்தக்கது. முன்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது அந்தப் பகுதி மட்டும்தான்.

கையால் செய்த செயல் எதுவோ, அதுவே நினைவில் தங்கியது. செயல் இல்லாத பகுதிகளை, அவை தத்துவமாக எவ்வளவு முக்கியமாக இருந்தாலும், உணவு காப்பாற்றவில்லை. திருப்பாவையில் பறை என்று வேண்டப்படுவது எது என்ற கேள்விக்கு விடை சொன்னவர் யாருமில்லை. அந்தப் பொருளுக்கு அடுப்பு உதவாது. வேறு வகைப் பாடம் வேண்டும்.

இந்த முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது. வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் ஏற்கெனவே ஈடுபாடுள்ள குடும்பங்கள். பள்ளி திறந்ததும் வருகை குறைந்தது. நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் உயர்நிலை நான்கு மாணவர்கள். பொதுத்தேர்வு ஆண்டில் சனிக்கிழமை பிற்பகலைக் கேட்பது அதிகம் என்பதை எந்தப் பெற்றோரிடமும் மறுத்துப் பேச முடியவில்லை.

அடுத்த சுற்றுக்கு மகாபாரதத்தைத் திட்டமிட்டிருக்கிறோம். 1827இல் தொடங்கப்பட்ட சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் தீமிதி, திரௌபதியம்மனுக்கு உரியது; அர்ச்சுனன் திருமணம், அரவான் பலி எனப் பாரத நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தே அந்த விழா வளர்கிறது. ஐப்பசியில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் ஊர்வலத்தில் தந்தையோ மாமாவோ நடந்ததைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிலருக்கே அட்சய பாத்திரக் கதை தெரியும்: திரௌபதி உண்டு முடித்தபின் துர்வாசர் பெரும் சீடர் கூட்டத்தோடு வந்து நிற்க, கழுவிய பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த பருக்கையையும் கீரையையும் கண்ணன் உண்ண, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களின் வயிறு நிறைந்தது. இதில் சமைக்க வேண்டியது ஒரு கீரை மட்டும். எல்லாருக்கும் பரிமாறியபின் கடைசியாக உண்பவர் யார் என்பதே அந்தக் கதையின் மையம் என்பதால், வகுப்பில் கடைசியாக உண்ணும் முறையை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்று தொண்டூழியர்கள் இப்போது பேசிவருகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கக்கூடாது என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. ஆண்டிறுதித் தேர்வு நடுவில் வருவதால், பாடத்தைத் தீபாவளிக்குப் பிந்திய முதல் சனிக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறோம்.